ஸ்கேமல் பயனியர்: ராணுவ மீட்பு லாரி

இரண்டாம் உலகப் போரில் பழுதாகி நின்ற வண்டிகளைப் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக இழுத்துவந்த லாரி இது. பிறந்த ஊர் இங்கிலாந்தின் வாட்ஃபோர்டு. கார்ட்னர் டீசல் எஞ்சின், ஆறு சிலிண்டர், 102 குதிரைத்திறன். மணிக்கு 40 கி.மீ. வேகத்தைக்கூட எட்டாது. ஆனால் 8 டன் வின்ச் கம்பிவடத்தைச் சுற்றத் தொடங்கினால், அச்சுவரை சேற்றில் புதைந்த வண்டியும் அசைந்து கொடுக்கும்.

ரேடியேட்டரைக் கிட்டே வந்து பாருங்கள். உச்சியில் கெண்டிபோல் ஒரு தண்ணீர்த் தொட்டி. கீழே வரிசையாகச் செங்குத்துக் குழாய்கள். ஒரு குழாய் ஒழுகினால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். புதுப்பிப்பவர்களுக்கு இது பெரிய வரம்.

போருக்குப் பின் ராணுவம் விற்ற பயனியர் வண்டிகளைப் பணிமனைகள் வாங்கின. சாலையோரம் கவிழ்ந்த லாரிகளையும் பேருந்துகளையும் அந்த வண்டிகள் பல்லாண்டு தூக்கி நிறுத்தின. உழைத்ததால்தான் காயலான் கடைக்குத் தப்பின.