மரத்திலே குடில் செட்!

கள்ளக்குறிச்சியில் சின்னதாய் ஃபேன்சி ஸ்டோர் நடத்துகிறேன். கார்த்திகை தீபம் முடிந்த கையோடு தோட்டை அடகு வைத்து, கிறிஸ்துமஸுக்கு பேப்பர் ஸ்டார், சீரியல் பல்பு, குடில் பொம்மை எல்லாம் எடுப்பேன். டிசம்பர் 25-க்குள் விற்காததெல்லாம் ஒரு வருஷம் பரணில்தான்! (செல்போன் வந்தபின் வாழ்த்து அட்டையைத் தொடுவாரே இல்லை.)

போன வருஷம், கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர், "பஸ்ல மலை ஏறுறதுக்குள்ள பிளாஸ்டர் பொம்மை உடைஞ்சு போவுதுக்கா. மரத்துல இல்லியா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நம்ம ஊர் மரச்சிற்பத்துக்கு 2021-லேயே புவிசார் குறியீடு கிடைத்தாச்சு. நானோ வெளியூர் பொம்மைக்கு அலைகிறேன்!

தெரிந்த சிற்பியிடம் மாதா, சூசையப்பர், குழந்தை இயேசு மட்டும் சின்னதாய்ச் செய்யச் சொன்னேன். விலை கூடத்தான். ஆனாலும் இரண்டு செட்டும் போய்விட்டது. இந்த வருஷம் ஐந்து செட்டுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன். "விக்கலைன்னா?" என்கிறார் வீட்டுக்காரர். தோடு அடகுக் கடையில் இருக்கிறது.

— ஒரு வாசகி, கள்ளக்குறிச்சி.