வெள்ளிச் செருப்பும் மஞ்சள் பாதையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

குழந்தைகளுக்காக எடுக்கப்பட்ட ஒரு படத்தைப் பற்றிக் கல்லூரி மலரில் எழுதலாமா என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். எழுதலாம் என்பது மட்டுமன்று, எழுத வேண்டிய கடமையும் எனக்கு இருக்கிறது. சென்ற ஆண்டு நம் கல்லூரித் திரைப்பட மன்றக் கூட்டத்தில் இப்படத்தைப் பற்றி நான் பேசியபோது எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் நான் பேசியதில் பாதி தவறு. மேடையில் தவறாகச் சொன்னவன் அதை எழுத்தில் திருத்துவதுதான் முறை.

படத்தின் பெயர் ‘தி விஸார்ட் ஆப் ஆஸ்’. 1939ஆம் ஆண்டு எம்.ஜி.எம். நிறுவனம் வெளியிட்டது. விக்டர் ஃபிளெமிங் இயக்க, ஜூடி கார்லண்ட் என்னும் இளம் நடிகை டோரத்தியாக நடித்தார். பிராங்க் பாம் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1900ஆம் ஆண்டில் எழுதிய சிறுவர் நூலே இதன் மூலம்.

கதைச் சுருக்கம்

கான்ஸஸ் மாநிலத்தின் வறண்ட பண்ணை ஒன்றில் பெரியம்மாவோடு வாழும் சிறுமி டோரத்தி. சூறாவளி ஒன்று அவள் வீட்டையே பெயர்த்துத் தூக்கி ‘ஆஸ்’ என்ற மாய நாட்டில் போடுகிறது. வீடு விழுந்த இடத்தில் கீழ்த்திசைச் சூனியக்காரி நசுங்கிச் சாகிறாள். அவள் அணிந்திருந்த மந்திரச் செருப்பு டோரத்திக்கு வந்து சேருகிறது. ஊர் திரும்ப வேண்டுமானால் மஞ்சள் செங்கல் பாதையில் நடந்து மரகத நகரத்துக்குப் போய் அங்குள்ள மாயாவியைக் கேட்க வேண்டும் என்கிறார்கள். வழியில் மூளை வேண்டும் என்னும் வைக்கோல் பொம்மை, இதயம் வேண்டும் என்னும் தகர மனிதன், தைரியம் வேண்டும் என்னும் சிங்கம் ஆகிய மூவரும் அவளுடன் சேர்ந்துகொள்கிறார்கள். எல்லோரையும் நடுங்க வைத்த மாயாவியோ, கடைசியில் திரைக்குப் பின்னால் நின்று பொறிகளை இயக்கும் சாதாரண மனிதன் என்று தெரிய வருகிறது. டோரத்தி ஊர் திரும்பும் வழி, முதல் நாளிலிருந்தே அவள் காலில் கிடந்த செருப்பில்தான் இருந்தது.

நான் மேடையில் சொன்னது

இக்கதை மேலுக்குக் குழந்தைக் கதை, உள்ளே அமெரிக்காவின் நாணயப் போராட்டம் என்று நான் பேசினேன். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. ஹென்றி லிட்டில்ஃபீல்ட் என்ற அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் 1964ஆம் ஆண்டு ‘அமெரிக்கன் குவார்ட்டர்லி’ என்ற ஆய்விதழில் எழுதிய கருத்து. 1990ஆம் ஆண்டில் ஹியூ ராக்கஃப் என்ற பொருளியல் அறிஞர் அதை இன்னும் விரித்து எழுதினார்.

அக்கருத்து விளங்க வேண்டுமானால் அந்தக் காலத்து அமெரிக்காவைச் சற்றே அறிய வேண்டும். 1873ஆம் ஆண்டு வந்த நாணயச் சட்டம் வெள்ளி டாலரைக் கைவிட்டது. நடைமுறையில் பொன்னே பணத்துக்கு ஆதாரம் என்றாயிற்று. விளைச்சலும் மக்கள்தொகையும் பெருகின. பணம் அதற்கேற்பப் பெருகவில்லை. பொருள்களின் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது. பொருளியல் துறை நண்பர்கள் இதைப் பணவாட்டம் என்பார்கள்.

விலை இறங்கினால் நல்லதுதானே என்று தோன்றும். வாங்குபவனுக்கு நல்லது. கடன் வாங்கி விதைத்தவனுக்கு அதுவே நஞ்சு. ஒரு புஷல் கோதுமை 1881இல் ஒரு டாலருக்கு மேல் விற்றது. 1894இல் ஏறத்தாழ அரை டாலருக்கு வந்துவிட்டது. ஆயிரம் டாலர் கடன்பட்டவன் முன்பு ஆயிரம் புஷலுக்கும் குறைவாக விற்று அடைத்திருக்கலாம். பிறகு இரண்டாயிரம் புஷல் விற்றாக வேண்டும். பத்திரத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அவன் உழைப்புதான் இருமடங்காகிவிட்டது.

ஆகவே மேற்கு, தெற்கு மாநிலங்களின் விவசாயிகள் திரண்டார்கள். பதினாறு பங்கு வெள்ளிக்கு ஒரு பங்கு பொன் என்ற விகிதத்தில் வெள்ளியையும் தடையின்றி நாணயமாக அடிக்க வேண்டும் என்று கேட்டார்கள். 1893இல் பெரும் பொருளாதார நெருக்கடி வந்தது. மறு ஆண்டு ஜேக்கப் காக்ஸி என்பவர் வேலையற்றவர்களைத் திரட்டிக்கொண்டு ஒஹையோவிலிருந்து தலைநகர் வாஷிங்டனுக்கு நடந்தார். அங்கே, நாடாளுமன்றப் புல்தரையை மிதித்தார் என்று அவரைக் கைது செய்தார்கள்! 1896 ஜூலையில் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரயன் என்ற 36 வயது இளைஞர் சிகாகோ மாநாட்டில் பொன் திட்டத்தை எதிர்த்து முழங்கிக் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு வேட்பாளரானார். அந்த ஆண்டும் 1900ஆம் ஆண்டும் மெக்கின்லியிடம் தோற்றார்.

இந்த வெள்ளிக் கதையில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. அன்றைய ரூபாய் வெள்ளி நாணயம். உலக நாடுகள் பொன்னுக்கு மாறவே வெள்ளி விலை சரிந்தது. ரூபாயின் மதிப்பும் கூடவே சரிந்தது. 1893 ஜூனில் ஆங்கிலேய அரசு, பொதுமக்கள் கொண்டுவரும் வெள்ளியை நாணயமாக அடித்துத் தருவதை இந்திய நாணயச் சாலைகளில் நிறுத்தியது.

இனிக் கதைக்கு வருவோம். ‘ஆஸ்’ என்பது பொன்னையும் வெள்ளியையும் நிறுக்கும் அவுன்சின் ஆங்கிலச் சுருக்கெழுத்து. மஞ்சள் பாதை பொன். பாமின் நூலில் டோரத்தியின் செருப்பு வெள்ளிச் செருப்பு! பொன் பாதையில் வெள்ளிச் செருப்போடு நடந்தால்தான் வீடு சேரலாம். வைக்கோல் பொம்மை விவசாயி. துருப்பிடித்து நின்ற தகர மனிதன் வேலையிழந்த தொழிலாளி. கர்ச்சித்துவிட்டுப் பின்வாங்கும் சிங்கம் பிரயன். பச்சை நகரம் பச்சை நிறக் காகிதப் பணம். நூலின் முடிவில் அந்த வெள்ளிச் செருப்பு பாலைவனத்தில் விழுந்து தொலைந்துவிடுகிறது. வெள்ளி இயக்கமும் அப்படித்தான் தொலைந்தது. இத்தனையும் நான் சொல்லி முடித்தபோது அரங்கு அதிர்ந்தது.

பேராசிரியரின் கேள்வி

கூட்டம் முடிந்ததும் பொருளியல் துறைப் பேராசிரியர் ஒருவர் என்னை அழைத்தார். “தம்பி, நீ சொன்னதெல்லாம் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் எழுதியவர் இதைத்தான் நினைத்து எழுதினார் என்பதற்குச் சான்று என்ன? ஆய்வுக்கூடத்தில் நாலு புள்ளி கிடைத்ததும் கோடு போட்டு விதி என்று எழுதிவிடுவாயா?” என்றார். “தேடிப் பார்க்கிறேன் ஐயா” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

தேடினேன். கிடைத்தவை என் பேச்சுக்கு எதிராகவே இருந்தன.

முதலாவது, இன்றைய குழந்தைகளை மகிழ்விப்பதற்காகவே இதை எழுதினேன் என்று பாம் தம் முன்னுரையிலேயே கூறியிருக்கிறார். இரண்டாவது, 1896 தேர்தலின்போது சிகாகோப் பத்திரிகை ஒன்றில் அவர் வெளியிட்ட செய்யுள், பிரயனை அன்று, பொன் திட்டத்தின் பக்கம் நின்ற மெக்கின்லியை ஆதரித்தது. மூன்றாவது, இக்கருத்தைத் தொடங்கிவைத்த லிட்டில்ஃபீல்டே, பாம் அப்படி நினைத்து எழுதினார் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 1992இல் ஒப்புக்கொண்டார். 1890களின் வரலாற்றை மாணவர்களுக்குச் சுவையாக நடத்த ஒரு வழி தேடியபோதுதான் அவருக்கு இந்த எண்ணமே உதித்தது. பாடம் நடத்தும் உத்தியாகப் பிறந்தது பிறர் கையில் ‘மறைந்திருந்த உண்மை’ ஆகிவிட்டது.

நான்காவது சான்று நம் கண்ணெதிரே திரையிலேயே இருக்கிறது. படத்தில் டோரத்தியின் செருப்பு வெள்ளி அன்று, மாணிக்கச் சிவப்பு. டெக்னிகலர் வண்ணப் படத்தில் சிவப்பு எடுப்பாகத் தெரியும் என்பதற்காக மாற்றினார்கள். வெள்ளிதான் கதையின் உயிர் என்றால், படம் எடுத்தவர்கள் அதை ஒரு வண்ணத்துக்காகக் கைவிட்டிருப்பார்களா? 1939இல் அப்படி ஒரு ரகசியம் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அது பிறந்ததே இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாம் 1892இல் பிரம்மஞான சபையில் உறுப்பினராகச் சேர்ந்தவர். நம் சென்னை அடையாற்றில் தலைமையகம் உள்ள அதே சபைதான். ஆதலால் இக்கதை ஆன்மாவின் பயணம் என்று விளக்குவோரும் உண்டு. அதுவும் பொருந்தத்தான் செய்கிறது. ஒரே கதைக்கு இரண்டு சாவிகள் பொருந்தினால், பொருந்துவதை மட்டும் வைத்து எது உண்மைச் சாவி என்று எப்படிச் சொல்வது? இரண்டு மூன்று புள்ளிகள் வழியாக எத்தனை வளைகோடுகள் வேண்டுமானாலும் வரையலாம் என்பது இயற்பியல் மாணவனுக்கு முதலாண்டிலேயே சொல்லித் தரப்படுகிறது. அதை நான் கட்டாய்வில் மறந்தேன்.

எங்கள் வீட்டு மஞ்சள்

ஏன் மறந்தேன் என்று யோசித்தேன். காரணம் எங்கள் வீட்டில் இருந்தது.

என் தந்தையார் இரண்டு ஏக்கரில் மஞ்சள் பயிரிடுபவர். நான் பள்ளியில் படிக்கும்போது ஒருவரிடம் 45,000 ரூபாய் கடன் வாங்கினார். அப்போது குவிண்டால் மஞ்சள் 9,000 ரூபாய். ஐந்து குவிண்டால் போட்டால் கடன் தீரும் என்று கணக்கு. பத்து மாதம் கழித்து வெட்டி, வேகவைத்து, காயவைத்து எடுத்துப் போனபோது விலை 6,000 ரூபாய். வட்டியை விட்டு அசலுக்கு மட்டும் ஏழரை குவிண்டால் வேண்டியிருந்தது. அம்மாவின் தோடு அடகுக்குப் போயிற்று. அப்பா என்னிடம், “கடன் வளரலை சாமி, நம்ம மஞ்சள்தான் சுருங்கிப் போச்சு” என்றார். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர் அவர்.

கான்ஸஸ் விவசாயியின் கணக்கைப் படித்தபோது எனக்கு அப்பாவின் முகம்தான் தெரிந்தது. அதனால்தான் அந்த விளக்கம் உண்மையாக இருக்க வேண்டும் என்று விரும்பினேன். விரும்பியதால் நம்பினேன்.

இதைப் பேராசிரியரிடம் சொன்னபோது அவர் இதையும் திருத்தினார். அமெரிக்காவில் பணம் போதாமல் எல்லாப் பொருள்களின் விலையும் ஒருசேர இறங்கியது. எங்கள் ஊரில் மஞ்சள் விலை மட்டும் இறங்கியது, உரமும் கூலியும் இறங்கவில்லை. இரண்டும் வெவ்வேறு நோய்கள், வலி மட்டும் ஒன்று என்றார். 1896க்குப் பிறகு கிளாண்டைக், தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களிலிருந்து பொன் பெருகி வந்ததாலும், தாதுவிலிருந்து பொன்னைப் பிரிக்கும் சயனைடு முறை பரவியதாலும் அமெரிக்காவில் விலைகள் மீண்டும் ஏறின. எங்கள் மஞ்சளுக்கு அந்த மருந்து உதவாது.

தெரிந்ததும் தெரியாததும்

அப்படியானால் இப்படத்தில் பொருளாதாரமே இல்லையா? இருக்கிறது. மறைந்து அன்று, வெளிப்படையாக இருக்கிறது. மேடையில் நான் அதைச் சொல்லவில்லை.

பாம் 1888 முதல் 1891 வரை டக்கோட்டாவில் அபெர்டீன் என்ற ஊரில் வாழ்ந்தவர். அங்கே கடை வைத்தார். வறட்சியால் நொந்த மக்களுக்குக் கடனுக்குக் கொடுத்துக் கொடுத்தே கடை மூழ்கியது. பிறகு நடத்திய பத்திரிகையும் நிலைக்கவில்லை. அவர் நூலின் முதல் பக்கங்களில் கான்ஸஸ் முழுவதும் சாம்பல் நிறம். நிலம், வீடு, பெரியம்மாவின் கண், கன்னம் எல்லாமே வெயிலும் காற்றும் தின்ற சாம்பல் நிறம். படத்திலும் கான்ஸஸ் காட்சிகள் வண்ணமில்லாமல் பழுப்பாகவே வருகின்றன. டோரத்தி ஓடிவந்து தன் குறையைச் சொல்லும்போது, பெரியவர்கள் காது கொடுக்காமல் கோழிக்குஞ்சுகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அடைபொறி பழுதாகிவிட்டது, குஞ்சுகள் சாகப் போகின்றன என்ற கவலை. ஏழை வீட்டில் பிள்ளையின் அழுகையைக் கேட்க நேரமில்லாத அந்த ஒரு நிமிடத்தைப் புரிந்துகொள்ளச் சாவி எதுவும் தேவையில்லை. எங்கள் வீட்டிலும் மஞ்சள் வேகும் நாள்களில் என் பரீட்சை மதிப்பெண்ணை யாரும் கேட்டதில்லை.

மறைந்திருப்பதைத் தேடியதில் கண்ணுக்குத் தெரிந்ததைத் தவறவிட்டேன்.

இறுதியாக ஒரு காட்சி. மூளை கேட்ட வைக்கோல் பொம்மைக்கு மாயாவி ஒரு பட்டச் சான்றிதழைக் கொடுக்கிறார். வாங்கிய கையோடு பொம்மை நெற்றியில் விரல் வைத்துக்கொண்டு முக்கோணத்தைப் பற்றி ஒரு தேற்றத்தைப் பெருமிதத்தோடு ஒப்பிக்கிறது. பித்தாகரஸ் தேற்றம்போல் ஒலிக்கும். ஆனால் முழுவதும் தவறு. வர்க்கம் வரவேண்டிய இடத்தில் வர்க்கமூலம், செங்கோண முக்கோணம் வரவேண்டிய இடத்தில் இருசமபக்க முக்கோணம்! நம் அரங்கில் கணிதத் துறை மாணவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பத்து நிமிடம் கழித்து மேடையேறி அதையேதான் நானும் செய்தேன்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் அடுத்த ஆண்டு என் கைக்கு வரவிருக்கிறது. அம்மா அதைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்ட இப்போதே சுவரில் இடம் பார்த்து வைத்திருக்கிறார். மாட்டட்டும். அதற்கு முன்னால் தேற்றத்தை ஒருமுறை சரிபார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதினேன்.