கண்டியில் ஒரு பகல்

கீழ் கோத்தகிரிப் பக்கம் லயத்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் கண்டியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பெரட்டுக்களம், கங்காணி, கொழுந்துக் கூடை என்று தோட்டத்துக் கதைதான் வரும். 1964-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் இவர்கள். இவர்களுக்காக 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள்தாம் பின்னால் 'டான்டீ' ஆயின. இலங்கையில் இருந்தபோது தேயிலை மலையைத் தாண்டிக் கண்டி நகரத்தை நின்று பார்க்க யாருக்கு நேரம் இருந்தது?

இப்போது பேரப்பிள்ளைகள் டூர் போகிறார்கள். கண்டிக்கு ஒரு பகல்தான் ஒதுக்குகிறார்கள். தலதா மாளிகை, ஏரி, நாலு போட்டோ. என்னைக் கேட்டால், காலையில் பேராதனையில் தொடங்க வேண்டும். 1942-இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952-இல் இந்த மகாவலிக் கரைக்கு வந்தது. வளாகத்துக்குள்ளேயே குறிஞ்சிக் குமரன் கோயில் இருக்கிறது. குறிஞ்சி பூக்கும் மலையிலிருந்து போகிறவர்கள் அங்கே ஒரு கும்பிடு போடாமல் வரலாமா?

திறந்தவெளி அரங்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். சரிவில் படிப்படியாக இருக்கைகள், மேலே மரங்கள், கீழே மேடை. எதிரிவீர சரச்சந்திர சிங்கள நாடகத்துக்குப் புது உருவம் கொடுத்த வளாகம் இது. அதே பேராதனையில் 1960-களில் தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை எடுத்துக்கொண்டார். விடிய விடிய வட்டக்களரியில் ஆடியதை, ஆட்டமும் மத்தளமும் கெடாமல் சுருக்கி, மாணவர்களை வைத்து மேடையேற்றினார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' எல்லாம் அப்படி வந்தவை. பட்டிக்காட்டு ஆட்டம் என்று படித்தவர்கள் ஒதுக்கியதைப் பல்கலைக்கழகமே ஆடிக் காட்டியது! தோட்டத்தில் காமன் கூத்து பார்த்து வளர்ந்த குடும்பங்களுக்கு இது பெருமையான சங்கதி. ஆனால் எந்த டூர் கைடும் சொல்வதில்லை.

மதியத்துக்கு மேல் நகரம். மாளிகைக்கு எதிரே பத்தினி தேவாலயம். சிங்களப் பெண்கள் விளக்கேற்றி வணங்கும் அந்தத் தெய்வம் நம் கண்ணகிதான். மாலைப் பூசையின் மேளத்தைக் கேட்காமல் மாளிகையை விட்டுக் கிளம்பாதீர்கள். தோளும் முழங்காலும் மறைய உடுத்திப் போவது முக்கியம்.

ஏரியை வெட்டியவர் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், நாயக்கர் வம்சத்தவர். 1815-இல் ஆங்கிலேயர் பிடித்து, பிறகு வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1832-இல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவருக்கு முத்து மண்டபம் இருக்கிறது. ஊர் திரும்பும்போது சென்னையில் விமானம் இறங்கி வருகிறவர்கள் காட்பாடியில் ஒரு வேளை தங்கி அதைப் பார்த்துவிட்டு, இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையத்துக்கு ஏறலாம்.