இதயத்திற் சுழலும் மின்துடிப்பு

கெடா மாநிலத்து நெல்வயல்களிடையே செல்லும் பழைய கால்வாய்களுள் ஒன்று வான் மாட் சமான் கால்வாய். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெட்டப்பட்ட அஃது, அலோர் ஸ்டாரிலிருந்து குனோங் ஜெராய் மலையடிவாரத்தை நோக்கிச் செல்கிறது. கால்வாயில் நீர் விரைந்தோடும். மடையைக் கடந்து வயலிற் புகுந்தபின் மெல்லப் பரவும். மனித இதயத்திலும் இத்தகைய வாய்க்கால்கள் உண்டு. அவற்றில் ஓடுவது நீரன்று, மின்துடிப்பு.

இதயத்தின் மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு, இடையிலுள்ள கணுவைக் கடந்து, வலம் இடம் என இரு கிளைகளின் வழியே கீழறைகளை அடைகிறது. இடக்கிளை மேலும் முன்கிளை, பின்கிளை எனப் பிரிகிறது. இவற்றின் முடிவிலுள்ள நுண்ணிழைகளைச் செக் நாட்டறிஞர் பூர்க்கின்யே 1839-இல் கண்டறிந்தார். அவை மேலிருந்து வரும் ஒரே வழியின் கடைக்கோடியே என்பதை, ஜெர்மனியின் மார்புர்க் நகரில் ஆராய்ந்த ஜப்பானியர் சுனாவோ தவாரா 1906-இல் நிறுவினார்.

கீழறைத் தசையைச் சுருங்கச் செய்ததும் மின்துடிப்பு அணைந்துவிடுதல் இயல்பு. சிலருக்கோ அது அணையாமல் சுழலத் தொடங்குகிறது. இடக் கீழறையின் நடுச்சுவரில், பின்கிளையை ஒட்டி, மின்துடிப்பை மெதுவாகக் கடத்தும் இழையொன்று இவர்களுக்கு உண்டு. துடிப்பு அம்மெதுவழியே கீழிறங்கி, பின்கிளை வழியே மேலேறி, மீண்டும் மெதுவழியை அடைகிறது. அது மெல்ல வந்துசேர்வதற்குள் பின்கிளை களைப்பு நீங்கி, அடுத்த துடிப்பை ஏற்க ஆயத்தமாகிவிடுகிறது. சுழற்சி ஓயாமைக்குக் காரணம் இதுவே. ஒவ்வொரு சுற்றும் ஓர் இதயத்துடிப்பாகி, நிமிடத்திற்கு 150 முதல் 200 வரையிலும், சிலவேளை அதற்கு மேலும் துடிப்பு எழுகிறது. மருத்துவர் இதனை ஃபாஸிகுலர் வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா என்பர்.

பெரும்பாலும் 15 முதல் 40 வயதுக்குட்பட்டோரை, அவர்களுள்ளும் ஆண்களை, இந்நோய் மிகுதியாகத் தாக்குகிறது. இவர்தம் இதயத்தின் அமைப்பில் குறையொன்றும் இராது. பந்தாடும்போதோ, கடுமையாக உழைக்கும்போதோ, உள்ளம் கலங்கும்போதோ நெஞ்சு படபடக்கும், தலை சுற்றும். மருத்துவமனையை அடையுமுன் படபடப்பு நின்றுவிடின், இ.சி.ஜி. பதிவில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ‘வெறும் பயம்’ என்று வீட்டாரும் பிறரும் சொல்ல, இளைஞன் பல ஆண்டுகள் நோயைச் சுமந்து திரிதலும் உண்டு.

படபடப்பின்போது எடுத்த பதிவு கிடைத்தாலும் மயக்கத்திற்கு இடமுண்டு. கீழறை நோய்களில் அலைகள் மிக அகன்று தோன்றும். இந்நோயிலோ அவ்வளவு அகலுவதில்லை. ஆகவே மேலறை நோயென எண்ணி அடினோசின் ஊசி போடுவர். பெரும்பாலும் அதற்கு இது நிற்பதில்லை. 1979-இல் சைப்ஸ் குழுவினர் இந்நோயின் தனித்தன்மைகளை எடுத்துரைத்தனர். 1981-இல் இஸ்ரேல் நாட்டு பெல்ஹாசன் குழுவினர் வெராபமில் என்னும் மருந்து இதனை நிறுத்துவதை வெளியிட்டனர். மெதுவழி கால்சியம் ஓட்டத்தை நம்பியிருப்பது. வெராபமில் அவ்வோட்டத்தைத் தடுப்பது. ஆனால், மாரடைப்பால் தழும்பேறிய இதயத்தில் எழும் கீழறை நோய்க்கு இதே மருந்து இரத்த அழுத்தத்தை வீழ்த்தி உயிருக்கே ஊறு செய்யக்கூடும். ஒருவருக்கு அமுதானது மற்றொருவருக்கு நஞ்சாகலாம். பதிவைச் சரியாகப் படித்தறிதலின் இன்றியமையாமை இதனால் விளங்கும்.

நோயை வேரறுக்கும் வழியும் இன்று உண்டு. தொடையிடுக்கிலுள்ள தமனி வழியே கதீட்டர் என்னும் மெல்லிய குழலை இடக் கீழறைக்குள் செலுத்துவர். அதன் நுனி மின்குறிகளைப் பதிவு செய்யும். பின்கிளையின் குறியைக் கொண்டு சுட வேண்டிய இடத்தை அறியலாமென 1993-இல் நாகாகவா குழுவினர் காட்டினர். மெதுவழியின் குறியையே 2000-இல் நோகாமி குழுவினர் விளக்கினர். அவ்விடத்தை வானொலி அலையையொத்த மின்னோட்டத்தால் சில மில்லிமீட்டர் அளவே சுடுவர். வாய்க்காலை ஓரிடத்தில் அடைத்தால் சுழல் நிற்பதுபோல் நோயும் நிற்கிறது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமடைகின்றனர். குழல் நுழைந்த இடத்தில் இரத்தக் கசிவு நேரலாம். பக்கவாதமும் மின்வழி அடைபடுதலும் அரிதாக நிகழ்வன.

குணமாக்கும் நோயைக் கவனியாது விடுதல் தகாது. படபடப்பு ஓயாது நீண்டகாலம் தொடர்ந்தால் இதயத் தசையே தளர்ந்துவிடக்கூடும். துடிப்பைச் சீராக்கின், அது பெரும்பாலும் தேறிவிடும். கோலாலம்பூரில் 1992-இல் தோன்றிய தேசிய இருதயக் கழகம் போன்ற நிலையங்களில் இதய மின்னியல் வல்லுநர் உளர். ஆனால் அவர்களுக்கு வழிகாட்ட வேண்டியது படபடப்பின்போது எடுத்த இ.சி.ஜி. தாளே. சுங்கை பட்டாணியிலோ, பீடோங் தோட்டப்புறத்திலோ ஓர் இளைஞனுக்குப் படபடப்பு எழுந்தால், நிற்கட்டுமென்று காத்திராமல் அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் செல்க. மயக்கமோ மூச்சுத் திணறலோ இருப்பின் 999-ஐ அழைக்க. எடுத்த பதிவின் படியொன்றைக் கேட்டு வாங்கிப் பிறப்புச் சான்றிதழைப் போலப் பேணி வைத்தல் நன்று. ஆண்டுக்கணக்கில் விளங்காதிருந்த நோயை அவ்வொரு தாள் விளக்கிவிடக்கூடும்.