பந்தை எங்கே எறிவது? பழைய பேஸ்பால் கேமும் உங்கள் கீபோர்டும்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் முதலில் செய்வது கேம் ஆடிப் பார்ப்பதுதான். அதில் தவறில்லை. மவுஸும் கீபோர்டும் கைக்குப் பழக அதைவிட எளிய வழி கிடையாது. ஆனால் சில நாளிலேயே ஒரு புகார் வரும். "கீயை அழுத்தினேன், கேம் கேட்கவில்லை!" இந்தப் புகாரில் உண்மை இருக்கிறதா என்று ஒரு பழைய பேஸ்பால் கேமை வைத்துப் பார்ப்போம். பேஸ்பால் நமக்கு எதற்கு என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். கிரிக்கெட் தெரிந்தால் போதும், இதுவும் புரியும்.

நான்கு திசை, நான்கு பேஸ்

1990களில் நம் ஊரில் டிவி கேம் என்று விற்ற பெட்டிகளில் பல, ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட ஃபேமிகாம் என்னும் கருவியின் நகல்கள். அந்தக் கருவிக்காக அதே ஆண்டு டிசம்பரில் வந்த கேம்தான் 'பேஸ்பால்'. மரியோவை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோவுக்கு இதன் வடிவமைப்பிலும் பங்கு உண்டு.

பேஸ்பால் மைதானத்தைக் கேரம் போர்டு போல நினைத்துக் கொள்ளுங்கள். பேட்ஸ்மேன் நிற்கும் ஹோம் பேஸ் கீழே. முதல் பேஸ் வலப்புறம். இரண்டாவது மேலே. மூன்றாவது இடப்புறம். பந்தை அடித்தவர் இந்த வரிசையில் ஓடி மீண்டும் ஹோமுக்கு வந்தால் ஒரு ரன். அவர் முதல் பேஸை மிதிப்பதற்குள் பந்து அங்கே உள்ள ஃபீல்டர் கைக்குப் போய்விட்டால் அவுட்.

இந்த அமைப்பை அப்படியே கன்ட்ரோலரில் கொண்டு வந்ததுதான் அந்த கேமின் சாமர்த்தியம். வலது அம்புக்குறியோடு ஏ பட்டனை அழுத்தினால் பந்து முதல் பேஸுக்குப் போகும். மேல் அம்புக்குறி என்றால் இரண்டாவது. இடது என்றால் மூன்றாவது. கீழ் என்றால் ஹோம். மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை. திரையில் பேஸ் எங்கே இருக்கிறதோ, அதுதான் அழுத்த வேண்டிய திசை.

பந்தைத் துரத்திப் பிடிப்பதை அந்த கேம் தானே செய்து கொள்ளும். எங்கே எறிவது என்ற முடிவு மட்டும் உங்களுடையது. முதல் பேஸில் ஏற்கெனவே ஒருவர் நிற்கும்போது பந்து தரையோடு உருண்டு வருகிறது என்று வைத்துக் கொள்வோம். முதலில் 'மேல்', உடனே 'வலது' என்று எறிந்தால் இரண்டு பேரையும் அவுட் ஆக்கலாம். இதைத்தான் டபுள் பிளே என்கிறார்கள்.

கிரிக்கெட்டில் எப்படி?

இங்கே சேலையூரில் கேம்ப் ரோடு பக்கத்துத் தெருக்களில் மாலையில் கிரிக்கெட் ஆடும் பையன்கள் "கீப்பர் எண்ட்! கீப்பர் எண்ட்!" என்று கத்துவதைக் கேட்டிருப்பீர்கள். கிரிக்கெட்டில் எறிய இரண்டே முனைகள். 2006-இல் வந்து நம் வீடுகளிலும் பிரவுசிங் சென்டர்களிலும் பிரபலமான ஈஏ ஸ்போர்ட்ஸின் 'கிரிக்கெட் 07'-லும் அதே கதைதான். கீப்பர் பக்கம் எறிவதா, பவுலர் பக்கம் எறிவதா என்பதே கேள்வி. பேஸ்பாலில் நான்கு இடங்கள் இருப்பதால் திசைக் கீயும் எறியும் கீயும் சேர்ந்தே வேலை செய்தாக வேண்டும். கீபோர்டின் பிரச்சினை தொடங்குவதும் இங்கேதான்.

பொய் சொன்னது யார்?

என் அக்கா பிள்ளைகள் இருவரும் விடுமுறைக்கு வந்திருந்தபோது, ஒரே கீபோர்டில் பழைய பாணி பேஸ்பால் கேம் ஒன்றை ஆடினார்கள். சின்னவனுக்குத் திசைக்கு டபிள்யூ, ஏ, எஸ், டி, எறிவதற்கு எஃப். பெரியவனுக்கு ஐ, ஜே, கே, எல், கூடவே ஹெச்.

சின்னவன் இரண்டாம் பேஸுக்கு எறிய வேண்டிய நேரத்தில் பந்து அடிக்கடி கையிலேயே நின்றுவிடும். "அழுத்தவே இல்ல, அழுத்தினேன்னு பொய் சொல்றான் மாமா" என்றான் பெரியவன். "சத்தியமா அழுத்தினேன் மாமா" என்று சின்னவன் அழ ஆரம்பித்துவிட்டான். இரண்டு நாளாக அவனுக்கு வீட்டில் 'பொய்யன்' என்றே பெயர்.

கேமை மூடிவிட்டு நோட்பேடைத் திறந்தேன். பெரியவனை அவனுடைய இரண்டு கீகளையும் அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். சின்னவன் டபிள்யூவை அழுத்தினான், எழுத்து வந்தது. அதை விடாமல் எஃப்-ஐ அழுத்தினான், வரவில்லை. பெரியவன் கையை எடுத்தபின் அதையே செய்தால் எஃப் ஒழுங்காக வந்தது. மூன்று முறை செய்து பார்த்தோம். சின்னவன் சொன்னது உண்மை. கீபோர்டுதான் அவன் எறிந்ததை விழுங்கியிருக்கிறது. பெரியவன் ஒன்றும் பேசாமல் தன் முறையைத் தம்பிக்கு விட்டுக் கொடுத்தான்.

காரணம் என்ன?

சாதாரணக் கீபோர்டில் ஒவ்வொரு கீக்கும் தனி ஒயர் கிடையாது. கட்டம் போட்ட நோட்டு போலக் குறுக்கும் நெடுக்குமாகச் சில கோடுகள்தான் இருக்கும். ஒரு கீயை அழுத்தினால் ஒரு குறுக்குக் கோடும் ஒரு நெடுக்குக் கோடும் தொட்டுக் கொள்ளும். எந்த இரண்டு கோடுகள் என்று பார்த்து எந்தக் கீ என்பதைக் கீபோர்டு கண்டுபிடிக்கிறது. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள கீகளை ஒரே நேரத்தில் அழுத்தினால், நான்காவது மூலையும் அழுத்தப்பட்டது போலவே தெரியும். இந்தப் பொய்க் கீயைத் தவிர்க்கத்தான் கீபோர்டு கடைசியாக அழுத்திய கீயை ஏற்காமல் விட்டுவிடுகிறது. கடிதம் டைப் செய்யும்போது இது தெரியாது. எறிபவரும் ஓடுபவரும் ஆளுக்கு இரண்டு கீகளை ஒரே நொடியில் அழுத்தும்போதுதான் தெரியும்.

நீங்கள் செய்ய வேண்டியது

1. மேலே சொன்ன நோட்பேட் சோதனையை உங்கள் கீபோர்டில் செய்து பாருங்கள். எந்தக் கூட்டணி வேலை செய்யவில்லை என்று குறித்துக் கொள்ளுங்கள்.

2. கேமின் கன்ட்ரோல்ஸ் பகுதிக்குப் போய் எறியும் கீயை மாற்றுங்கள். கன்ட்ரோல் கீ நல்ல தேர்வு. பெரும்பாலான கீபோர்டுகளில் அதற்கு இந்தத் தொல்லை வராதபடி வைத்திருப்பார்கள். ஷிஃப்ட் கீ வேண்டாம். ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் விண்டோஸின் 'ஸ்டிக்கி கீஸ்' பெட்டி நடுவில் வந்து நிற்கும்.

3. பழைய யூஎஸ்பி கீபோர்டு வீட்டில் இருந்தால் அதையும் சேர்த்துச் செருகுங்கள். விண்டோஸ் இரண்டையும் ஏற்கும். ஆளுக்கொரு கீபோர்டு என்றால் ஒருவர் கீ மற்றவர் கீயைத் தடுக்காது. கேம்பேட் வாங்கினாலும் இதே பலன்தான்.

4. புதுக் கீபோர்டு வாங்கும்போது அட்டைப் பெட்டியில் 'ஆன்ட்டி கோஸ்டிங்' என்று இருக்கிறதா எனப் பாருங்கள்.

கீபோர்டு மேல் குற்றம் இல்லாதபோது

எல்லாத் தவறும் கீபோர்டால் வருவதில்லை. நாம்கோ நிறுவனம் 1986-இல் ஃபேமிகாமுக்கு வெளியிட்ட 'ஃபேமிலி ஸ்டேடியம்' கேமில் ஃபீல்டரை ஓட வைப்பதும் நம் வேலை. ஓடுவதற்கும் எறிவதற்கும் அதே திசைக் கீகள்தான். இடப்பக்கம் ஓடிப் பந்தைப் பிடித்த கையோடு எறிந்தால் பந்து மூன்றாம் பேஸுக்குத்தான் போகும். பந்து கைக்கு வந்ததும் திசைக் கீயை ஒரு கணம் விட்டு, பிறகு வேண்டிய திசையை அழுத்துங்கள்.

கம்ப்யூட்டரை டிவியில் இணைத்து ஆடினால் டிவியின் 'கேம் மோடு'-ஐ ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் படம் சற்றுத் தாமதமாகவே திரைக்கு வரும்.

எதில் பழகலாம்?

பழைய கேசட் கேம்களின் ஃபைல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறோம் என்பவர்களை நம்பாதீர்கள். அவற்றுக்குக் காப்புரிமை உண்டு, கூடவே வைரஸும் வரலாம். 1997-இல் வந்த 'பேக்யார்டு பேஸ்பால்' கேமை 2024 அக்டோபரில் ஸ்டீம் தளத்தில் முறையாக மறுவெளியீடு செய்திருக்கிறார்கள். விண்டோஸ் கம்ப்யூட்டரில் மவுஸால் ஆடலாம். எந்த பேஸுக்கு எறிய வேண்டுமோ அதைக் கிளிக் செய்தால் போதும். மவுஸ் பழகும் பெரியவர்களுக்கும் நல்ல பயிற்சி.

எதில் ஆடினாலும், பந்து கைக்கு வருவதற்கு முன்பே எங்கே எறிவது என்று முடிவு செய்து வையுங்கள். அதன் பிறகும் பந்து போகவில்லை, "நான் அழுத்தினேன்" என்று வீட்டுப் பிள்ளை சொல்கிறதா? திட்டுவதற்கு முன் நோட்பேடைத் திறந்து சோதித்துப் பாருங்கள்.