மார்கழிக் குளிரும் வீட்டு நாயும்

மார்கழி பிறந்து விட்டது. நமக்குக் கம்பளி இருக்கிறது. வாசலில் கிடக்கும் நாய்க்கு?

குட்டிக்கும் கிழ நாய்க்கும் குளிர் ஆகாது. பழைய சாக்கை மடித்துப் போடுங்கள். வெயில் ஏறிய பிறகே குளிப்பாட்டி, உடனே துவட்டி விடுங்கள்.

குளிருக்குச் சாக்குப் போதும். வெறிநோய்க்கு ஊசிதான் காவல்! நோய் கண்ட பின் காப்பாற்ற மருந்து இல்லை. குட்டிக்கு 3 மாதம் ஆனதும் கால்நடை மருத்துவமனையில் தடுப்பூசி போடுங்கள். பிறகு ஆண்டுதோறும் போட வேண்டும்.

1885-ல் வெறிநாய் கடித்த 9 வயதுச் சிறுவனை, ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார் பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர்.

நாய் கடித்தால் மிளகாய்ப் பொடி வைக்காதீர்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். உடனே டாக்டரிடம் போங்கள்.

அடிக்குப் பயந்து குழந்தை கடியை மறைக்கும். அதட்டாமல் கேளுங்கள்!