அமுக்கினால் திட்டு விழும் லிஃப்ட் பட்டன்... காயலான் கடையிலிருந்து வீட்டு மேசைக்கு வந்தால்?

எந்த ஜவுளிக்கடை லிஃப்டிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழையும் ஐந்து வயதுப் பையனின் கண் நேராக பட்டன் வரிசைக்குப் போகும். "ரெண்டாவது மாடி மட்டும்தான்டா" என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என எல்லாமே எரிந்துவிடும். பிறகென்ன... அம்மாவிடமிருந்து ஒரு திட்டு, பின்னால் நிற்பவர்களிடமிருந்து ஒரு முறைப்பு!

வளர்ந்த பிறகும் அந்த ஆசை போகாத சிலர் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பழைய கட்டடங்களில் கழற்றிப் போட்ட லிஃப்ட் பட்டன்களைத் தேடி வாங்கி, துடைத்து, வயர் இணைத்து, மறுபடியும் ஒளிர வைப்பதுதான் இவர்களின் பொழுதுபோக்கு. கேட்கும்போது விசித்திரமாகத்தான் இருக்கும். ஆனால், ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் இருப்பவர்களுக்கு இது கொஞ்சமும் அந்நியமான விஷயம் இல்லை. ஏன் என்பதைக் கடைசியில் ஒரு போர்வெல் ஸ்டார்ட்டர் சொல்லும்.

அண்ணன் அமுக்கிய காலம்

இந்தியாவில் ஓடிஸ் நிறுவனத்தின் முதல் லிஃப்ட் 1892-ல் கொல்கத்தா ராஜ்பவனில் பொருத்தப்பட்டது. சென்னை அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டடம் 1959-ல் திறக்கப்பட்டபோது, அதை அண்ணாந்து பார்க்கவே வெளியூர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அந்தக் காலத்து லிஃப்டில் ஏறியவர்களுக்கு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் 'லிஃப்ட் அண்ணன்' நினைவிருப்பார். எத்தனையாவது மாடி என்று நாம் சொல்ல வேண்டும். பட்டனை அவர்தான் அமுக்குவார்.

வெளிநாடுகளிலும் இதே கதைதான். 1945 செப்டம்பரில் நியூயார்க் லிஃப்ட் ஆபரேட்டர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, உயரமான அலுவலகங்கள் முடங்கிப்போயின. ஆள் இல்லாமலேயே பயணிகள் இயக்கும் லிஃப்ட்கள் அதன் பிறகு வேகமாகப் பரவின. அப்போதுதான் பட்டன் நம் கைக்கு வந்தது. பல மாடிக் கட்டடத்துக்கும் அதற்குள் நுழையும் மனிதருக்கும் நடுவே நடக்கும் முதல் பேச்சு அந்த ஒரு விரல் அழுத்தம்தான்.

அந்தச் சின்னப் பொருள் உயிர் சம்பந்தப்பட்டதும்கூட. ஒரு காலத்தில், அமுக்கவே வேண்டாம், விரல் பட்டாலே போதும் என்ற 'டச்' பட்டன்கள் ஃபேஷனாக இருந்தன. 1970 ஆகஸ்ட்டில் நியூயார்க்கின் 'ஒன் நியூயார்க் பிளாசா' கட்டடத்தில் தீப்பிடித்தது. எரிந்துகொண்டிருந்த தளத்திலேயே லிஃப்ட் போய் நின்று கதவு திறந்தது. இரண்டு பேர் உயிரிழந்தார்கள். அந்தத் தளத்தின் அழைப்பு பட்டனை வெப்பமே தூண்டியிருந்தது. தீ விபத்து என்றால் லிஃப்ட்கள் தாமாகத் தரைத்தளத்துக்கு இறங்கிவிட வேண்டும் என்ற விதிகள் வலுப்பட்டதற்கு இதுபோன்ற சம்பவங்களே காரணம். இன்றும் 'தீ விபத்தின்போது லிஃப்டைப் பயன்படுத்தாதீர்' என்று எழுதி வைத்திருக்கிறார்களே... அந்தப் பலகைக்குப் பின்னால் இப்படிப்பட்ட அனுபவங்கள் இருக்கின்றன.

மியூசியம் வைத்தவரும், சுவர் கட்டியவர்களும்

நியூயார்க்கில் பேட்ரிக் கார் என்ற லிஃப்ட் மெக்கானிக் இருந்தார். சிறுவயதிலிருந்தே பழைய லிஃப்ட் பாகங்களைச் சேர்த்துவந்தவர். பட்டன் பலகை, மாடி காட்டும் முள், பெயர்த்தகடு என ஏறத்தாழ 2,000 பொருள்களோடு 2011-ல் லாங் ஐலண்ட் சிட்டி பகுதியில் ஒரு மியூசியமே திறந்துவிட்டார்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ரீம்ஸ், லிஃப்ட் பயணங்களை வீடியோ எடுத்து யூடியூப்பில் போட்டே பிரபலமானவர். தனக்கு ஆட்டிசம் இருப்பதை வெளிப்படையாகப் பேசுபவர். அவருடைய வீடியோக்களை விரும்பிப் பார்ப்பவர்களில் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் நிறைய. ஒரே மாதிரி ஒலி, ஒரே மாதிரி வெளிச்சம், அமுக்கினால் கட்டாயம் கிடைக்கும் பதில்... இவையெல்லாம் சில குழந்தைகளுக்கு மனதுக்கு இதமாக இருக்கின்றன. 'எப்போ பார்த்தாலும் சுவிட்சையே நோண்டுறான்' என்று கவலைப்படும் பெற்றோர், இதைக் கொஞ்சம் வேறு கோணத்திலும் பார்க்கலாம்.

ஜப்பானில் ஒரு படி மேலே போய்விட்டார்கள். டோக்கியோ பெருநகரப் பகுதிக்குள் உள்ள ஹச்சியோஜியில் இருக்கும் ஷிமாடா டென்கி, 1933-ல் தொடங்கிய நிறுவனம். லிஃப்ட் பட்டன்கள்தான் அதன் தொழில். தொழிற்சாலையைப் பார்க்க வருபவர்களுக்காக ஆயிரம் பட்டன்கள் கொண்ட சுவரையே அமைத்திருக்கிறார்கள். எதை வேண்டுமானாலும் அமுக்கலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் அமுக்கலாம். யாரும் திட்ட மாட்டார்கள்!

எங்கே கிடைக்கும், எப்படிச் சுத்தம் செய்வது?

ஒரு லிஃப்ட் 20, 25 வருடங்கள் ஓடிய பிறகு, கண்ட்ரோல் பேனல், கதவு, பட்டன் பலகை எல்லாவற்றையும் மாற்றிப் புதுப்பிப்பது வழக்கம். கழற்றியவை எடைக்குப் போகும். ஸ்டீல் தகட்டுக்குத்தான் அங்கே மதிப்பு. பட்டன்கள் தகட்டோடு ஒட்டிக்கொண்டு போகும் இலவச இணைப்பு.

தொழிற்சாலைகளின் சரக்கு லிஃப்ட்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகள், மருத்துவமனைகள் என ஓசூர் பெல்ட்டில் லிஃப்ட்டுக்குக் குறைவில்லை. லிஃப்ட் மாற்றும் வேலை நடக்கும் கட்டடத்தின் நிர்வாகியிடம் கேட்கலாம். காயலான் கடைகளில் சொல்லி வைக்கலாம். ரிலே, எல்.இ.டி., வயர் போன்ற சில்லறைச் சாமான்களுக்கு ஓசூரின் எலெக்ட்ரிகல் கடைகளே போதும். அங்கே கிடைக்காததற்கு, அத்திப்பள்ளி தாண்டி பஸ் ஏறினால் பெங்களூரு எஸ்.பி. ரோடு இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் லிஃப்டிலிருந்து ஒரு திருகாணியைக்கூடத் தொடக் கூடாது. அது திருட்டு என்பதோடு, ஏறி இறங்குபவர்களின் பாதுகாப்போடு விளையாடுவதும்கூட.

கிடைத்த பட்டனைச் சுத்தம் செய்யப் பெரிய வித்தை எதுவும் இல்லை. பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரைத் துணியில் நனைத்துப் பிளாஸ்டிக் மூடியைத் துடைத்தால் போதும். தின்னர், பெட்ரோல் பக்கமே போக வேண்டாம். மூடி பனி படர்ந்ததுபோல் மங்கிவிடும், சில சமயம் விரிசலும் விடும். ஸ்விட்ச்சின் உள்முனைகளுக்கு கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடிக்கலாம். பிரெய்ல் புள்ளிகள் இருந்தால் பழைய டூத் பிரஷ்ஷால் மென்மையாகத் தேய்க்க வேண்டும். பல வருடத்து அழுக்கு புள்ளிகளின் இடுக்கில்தான் இருக்கும்.

நாலு முனை... ஒரு புதிர்

பெரும்பாலான பட்டன்களின் பின்னால் நான்கு முனைகள் இருக்கும். இரண்டு ஸ்விட்ச்சுக்கு, இரண்டு விளக்குக்கு. மல்டிமீட்டரை 'பீப்' ஒலிக்கும் நிலையில் வைத்து, எந்த இரண்டு முனைகளைத் தொட்டுக்கொண்டு அமுக்கும்போது சத்தம் வருகிறதோ, அவைதான் ஸ்விட்ச் முனைகள்.

பல லிஃப்ட்களில் பட்டன் விளக்கு 24 வோல்ட் டி.சி.யில் எரியும். பழையவற்றில் வேறு வோல்ட்டேஜும் இருக்கும் என்பதால், பட்டனின் பின்புறம் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். 24 வோல்ட்டுக்கு எங்கும் அலைய வேண்டாம். வீட்டில் ஆர்.ஓ. வாட்டர் பியூரிஃபையர் இருந்து, அது பழுதாகி மூலையில் கிடந்தால், அதன் அடாப்டர் பெரும்பாலும் 24 வோல்ட் டி.சி.தான். உள்ளே இருக்கும் பழைய குண்டு பல்பு போயிருந்தால், அந்த இடத்தில் ஒரு எல்.இ.டி.யும் வரிசையில் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டரும் வைத்தால் போதும்.

எல்லாவற்றையும் இணைத்து ஆசையோடு அமுக்கினால்... எரியும். விரலை எடுத்தால்? உடனே அணைந்துவிடும்!

புதிதாக இறங்குபவர்கள் எல்லோரும் திகைக்கும் இடம் இது. லிஃப்டில் அமுக்கிவிட்டுக் கையை எடுத்தாலும் விளக்கு எரிந்துகொண்டே இருந்ததே? அந்த 'ஞாபகம்' பட்டனுக்குள் இல்லை என்பதுதான் விஷயம். லிஃப்ட்டின் கண்ட்ரோல் பேனல்தான் அழைப்பை நினைவில் வைத்திருந்தது. மாடி வந்ததும் விளக்கை அணைத்ததும் அதுதான். காயலான் கடைக்கு வந்த பட்டன், ஞாபகத்தை அந்தக் கட்டடத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறது.

விடை தோட்டத்தில் இருக்கிறது

ஓசூரைச் சுற்றி ரோஜா, முட்டைக்கோஸ், தக்காளித் தோட்டங்கள். பல தோட்டங்களில் போர்வெல், அதன் அருகே சுவரில் ஒரு ஸ்டார்ட்டர். பச்சை பட்டனை ஒரு முறை அமுக்கிவிட்டுக் கையை எடுக்கிறார் விவசாயி. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. சிவப்பை அமுக்கினால் நிற்கிறது. நடுவில் கரன்ட் போய்த் திரும்பி வந்தாலும் மோட்டார் தானாக ஓடாது, மறுபடி பச்சையை அமுக்க வேண்டும். சிப்காட் தொழிற்சாலைகளிலும் கிட்டத்தட்ட எல்லா மோட்டாருக்கும் இதே ஏற்பாடுதான்.

லிஃப்ட் பட்டனுக்குத் தேவையான 'ஞாபகமும்' இதுவே. 24 வோல்ட் ரிலே ஒன்று, அதைப் பொருத்த ஒரு பேஸ், ஸ்டார்ட்டரில் இருப்பதுபோல ஒரு சிவப்பு ஸ்டாப் பட்டன். இவ்வளவுதான் செலவு. அடாப்டரின் பிளஸ் முதலில் சிவப்பு பட்டன் வழியாக வர வேண்டும், பிறகு லிஃப்ட் பட்டனின் ஸ்விட்ச், பிறகு ரிலேயின் காயில், கடைசியில் மைனஸ். ரிலேயின் 'நார்மலி ஓப்பன்' முனைகள் இரண்டையும் லிஃப்ட் பட்டனின் ஸ்விட்ச்சுக்கு இணையாகக் கட்ட வேண்டும். விளக்கை காயிலுக்கு இணையாகக் கொடுக்கலாம். காயில் அணையும்போது வரும் எதிர் அதிர்ச்சியில் எல்.இ.டி. போய்விடாமல் இருக்க, காயிலின் குறுக்கே ஒரு 4007 டயோடைப் போட வேண்டும், அதன் கோடு போட்ட முனை பிளஸ் பக்கம்.

இப்போது அமுக்கினால் 'டக்' என்று ரிலே இழுக்கும், தன் முனைகள் வழியாகவே தனக்குக் கரன்ட் கொடுத்துக்கொள்ளும். விரலை எடுத்தாலும் விளக்கு எரியும். சிவப்பை அமுக்கினால், 'மாடி வந்துவிட்டது' என்பதுபோல் அணையும். ஐ.டி.ஐ. எலெக்ட்ரீஷியன் பிரிவு மாணவர்கள் பலகையில் போட்டுப் பழகும் முக்கியமான சர்க்யூட் இது. புத்தகத்தில் கோடுகளாகத் தெரிவது, கையில் ஒரு பட்டனாக எரியும்போது சட்டென்று பிடிபடும்.

இதையெல்லாம் மறக்காதீங்க!

* எந்தப் பழைய பட்டனையும் வீட்டு 230 வோல்ட் லைனில் நேரடியாக இணைக்கவே கூடாது. அடாப்டரின் டி.சி. பக்கம் மட்டுமே வேலை செய்ய வேண்டும்.

* அடாப்டரைக் கழற்றிய பிறகே வயரைத் தொட வேண்டும். அடாப்டரைத் திறந்து பார்க்க வேண்டாம்.

* சால்டரிங் வேலையைப் பெரியவர்கள் செய்யட்டும், குழந்தைகள் அமுக்கட்டும்.

* கட்டடத்தின் அனுமதியோடு வாங்கிய பொருள் என்றால் ஒரு துண்டுச்சீட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

பின்பக்கம் ஒரு சீட்டு

பேட்ரிக் காரின் மியூசியம் 2016-ல் மூடப்பட்டது. ஒரு தனி மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பொருள்களுக்கு ஐந்து வருடம்தான் கதவு திறந்திருந்தது.

அதனால், பட்டனைத் துடைத்து ஒளிர வைத்த கையோடு இன்னொரு வேலையும் செய்துவிடுவது நல்லது. எந்தக் கட்டடம், எந்த மாடி, எந்த வருடம் கழற்றியது என்ற மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிப் பின்னால் ஒட்டிவிட வேண்டும். சீட்டு இல்லாவிட்டால் அது வெறும் '3' என்று எழுதிய பிளாஸ்டிக். சீட்டு இருந்தால், ஒரு மருத்துவமனையின் மூன்றாம் மாடிக்கு, பிரசவ வார்டுக்கு, எத்தனையோ அப்பாக்கள் அவசர அவசரமாக அமுக்கிய பட்டன்.

அதை மேசைமேல் வைத்துவிட்டு, வீட்டில் இருக்கும் சின்னவர்களைக் கூப்பிடுங்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் அமுக்கட்டும்!